பேன்ட்ல ஒட்டுன ரெட்டைக்கொம்பு விதை, களையா காட்டுப்பூவா?

கேள்வி: வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் இருக்கோம். வீட்டுக்குப் பின்னாடி குளத்தோரம் நடந்துட்டு வந்தா பேன்ட் முழுக்க கருப்பா, தட்டையா, ரெண்டு கொம்பு வச்ச விதை. இது நாயுருவியா? தோட்ட வேலைக்கு வர்றவர் வெளிநாட்டுக் களைங்க, மருந்தடிச்சே ஆகணும்ங்கறார்.

பதில்: மருந்த மொதல்ல நிறுத்துங்க. நாயுருவி இல்ல, அதுல நீளக் குச்சி பூரா விதை கீழ பாத்து வரிசையா இருக்கும், இந்த ரெட்டைக்கொம்பு கிடையாது. உங்களோடது பைடன்ஸ், சூரியகாந்தி குடும்பம், பேருக்கே லத்தீன்ல ரெட்டைப் பல்லுன்னுதான் அர்த்தம். கொம்ப நுனியிலேர்ந்து கீழ தடவினா வழுக்கும், கீழேர்ந்து மேல தடவினா தூண்டில் முள் மாதிரி மாட்டும். இலை எதிரெதிரா, ஒவ்வொண்ணும் மூணாவோ அஞ்சாவோ பிரிஞ்சு ஓரம் பல்லுப் பல்லா இருக்கா, பூ இதழே இல்லாம ஆரஞ்சு பொத்தான் மாதிரி, அதச் சுத்தி இலை மாதிரி பச்சையா நீட்டிட்டு இருக்கா? அப்ப அது பெரும்பாலும் பைடன்ஸ் ஃப்ரொண்டோசா, அந்த மண்ணுலயே பொறந்த செடி, வெளிநாட்டுக் களையே இல்ல.

ஒண்ணு மட்டும் கவனிங்க. அதே ஈரத்துல பைடன்ஸ் செர்னுவான்னு இன்னொண்ணு வரும். இலை பிரியாது, காம்பில்லாம தண்ட ரெண்டு பக்கமும் அணைச்சுட்டு இருக்கும், பெரும்பாலும் பளிச்சுன்னு மஞ்ச இதழ் இருக்கும், பூ முத்த முத்த தலைய தொங்கப் போட்டுரும், விதையில பெரும்பாலும் நாலு கொம்பு. அதுவும் அந்த ஊர்ச் செடிதான், ஆனா ரெட்டைக்கொம்ப மட்டும் தேடுனா இத விட்டுருவீங்க, அதனால நாலஞ்சு விதைய எடுத்து எண்ணிப் பாருங்க.

இந்த மருந்துக்காரங்கள நெனச்சாத்தான் ஆத்திரமா வருது. இது ஒரே வருஷச் செடிங்க, விதை முத்திருச்சுன்னா செடி கதை முடிஞ்சுது, பனி விழுந்தா தானே செத்துரும், சாகப் போற செடிக்கு மருந்தடிச்சுக் காசு வாங்கறாங்க, அதுவும் தண்ணி ஓரத்துல, தவளை மீனெல்லாம் என்ன ஆகும்? களை நோட்டீஸ் போடறவங்களும் பூவ மட்டும் ஃபோட்டோ போட்டுட்டு விதையக் காட்டவே மாட்டேங்கறாங்க, ஜனங்க கையில கிடைக்கறதே விதைதான! 'நாட்டுக் காட்டுப்பூ'ன்னு பாக்கெட் விக்கறவங்ககிட்டயும் தாவரப் பேர் இல்லாம எதையும் வாங்காதீங்க.

நடக்கற பாதையில மட்டும் அடுத்த வருஷம் பூக்கற சமயத்துல, ஆகஸ்ட் வாக்குல, மண்ணு ஈரமா இருக்கறப்ப வேரோட புடுங்குங்க. குளத்தோரத்துல இருக்கறது தேனீக்கு இருக்கட்டும். இப்ப பேன்ட்ல இருக்கறத வாஷிங் மெஷின்ல போடாம கையால எடுத்து குப்பையில போடுங்க, நாய் இருந்தா காதையும் கால்விரல் இடுக்கையும் பாத்துருங்க.