பதில்: காவடி நோட்டீஸ் மெயில் ஸ்பாமுக்குப் போகுது, ஹெடர்ல ஆறு ஸ்டார்

அண்ணே, சாட்ஸ்வர்த் கோயில் காவடி நோட்டீஸ் மட்டும் ஸ்பாமுக்குப் போகுது, ஹெடர்ல, அதாவது மெயிலோட சேர்ந்து வர்ற விவர வரிகள்ல, ஆறு ஸ்டார் இருக்கு, அது என்னன்னு கேட்டிருந்தீங்க. அது ஸ்பாம்அசாசின்னு ஸ்பாமைப் பிடிக்கிற சாஃப்ட்வேர் போடுறது, ஸ்பாம் ஸ்கோர்ல ஒரு முழு பாயிண்டுக்கு ஒரு ஸ்டார், 6.8 வந்தாலும் ஆறுதான். ஒவ்வொரு ரூலும் கொஞ்சம் கூட்டும், சிலது கழிக்கும், மொத்தம் 5.0 தொட்டா ஸ்பாம், அதான் டிஃபால்ட் லிமிட். அதை ஏத்தி மட்டும் விட்டுடாதீங்க, லாட்டரி மெயிலெல்லாம் வரிசையா உள்ள வரும்.

அதே ஹெடர்ல எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்க, எந்த ரூல் பிடிச்சுதுன்னு பேரோட இருக்கும். நீங்க போஸ்டரை வெறும் படமா ஒட்டி, சப்ஜெக்ட் முழுக்க இங்கிலீஷ்ல கேப்பிட்டல் லெட்டரா போட்டிருக்கீங்க, என் சந்தேகம் அது ரெண்டு மேலதான். தேதி, நேரம், அன்னதானம் எல்லாம் எழுத்தாவே டைப் பண்ணி அனுப்பிப் பாருங்க.