கும்பாபிஷேகத்துக்கு மறுநாள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மதுரை ஒத்தக்கடையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, புதிதாக வந்த ஒரு குடியிருப்பில் வசிக்கிறேன். சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம். வீடு கட்டி வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்தபோது முப்பது வீடுகள்கூட இல்லை, இப்போது இருநூறைத் தாண்டிவிட்டது. மளிகைக் கடை, மருந்துக் கடை, பள்ளி வேன் எல்லாம் வந்துவிட்டன. கோயில் மட்டும் இல்லை.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு சன்னதியில் விளக்கு ஏற்றிவிட்டு வந்தால்தான் அவருக்கு மனது அடங்கும். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வர அரை நாள் ஆகிறது. ஆட்டோ காசையும் வரிசையில் நிற்பதையும் நினைத்து, ‘வேண்டாம் தாயி, இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று அவரே சொல்லிவிடுகிறார். குலதெய்வக் கோயிலிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்த பிடிமண் எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. இங்கே ஒரு கோயில் வந்தால் இதையும் அங்கே சேர்த்துவிடலாம் என்பது அவருடைய ஆசை.

போன மாதம் குடியிருப்போர் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தது. பூங்காவுக்கு விட்ட இடம் சும்மாதான் கிடக்கிறது, அங்கே கட்டிவிடலாம் என்றார்கள் சிலர். மதுரையில் இல்லாத கோயிலா, ஒலிபெருக்கியும் வசூலும்தான் மிச்சமாகும் என்றார்கள் வேறு சிலர். சத்தத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. இத்தனை கோயில்கள் இருக்கும் ஊரில் இன்னொரு கோயில் கேட்பது தவறா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஒத்தக்கடை

அன்புள்ள சகோதரிக்கு,

தவறே இல்லை. ‘மதுரையில் இல்லாத கோயிலா’ என்று கேட்டவர்களிடம் மேல மாசி வீதிக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். மீனாட்சி கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இம்மையில் நன்மை தருவார் கோயில் இருக்கிறது. வடக்கு மாசி வீதியில் கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. இவை போக, சந்து முனைதோறும் ஒரு பிள்ளையாரோ ஒரு காளியோ உண்டு. கோபுர நிழலிலேயே பிறந்து வளர்ந்த சனங்களுக்கே தெருவுக்கு ஒரு சாமி தேவைப்பட்டிருக்கிறது. மீனாட்சி சித்திரையில் பட்டம் சூட்டிக்கொண்டு இந்த நாட்டை ஆள்கிறவள். அரசியைப் பார்க்கப் போவது வேறு, அப்பத்தாவைப் பார்க்கப் போவது வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பரீட்சைக்கான நுழைவுச்சீட்டு வந்தாலும், புது வண்டி வாங்கினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் போய் நிற்க ஓரிடம் வேண்டும். உங்கள் மாமியார் கேட்பது அதைத்தான். அந்த ஆசை நியாயமானது.

கோயில் இல்லாத ஊரை ஊரே அல்ல, ‘அடவி காடே’ என்று பாடினார் அப்பர். கோயில் கட்டக் கிளம்புகிறவர்கள் நோட்டீசில் போட்டுக்கொள்ள மிகவும் விரும்பும் தாண்டகம் அது. ஆனால் அந்தப் பாட்டை முழுவதும் படித்தால் வேறொன்று தெரியும். ஊரல்லாத ஊர்கள் என்று ஏழைச் சொல்கிறார். அவற்றில் கட்டடம் பற்றியவை இரண்டு. விதானமும் கொடியும் ஒன்று. மற்ற நான்கும் மனிதர்கள் செய்ய வேண்டியவை: நீறு பூசாத ஊர், பாடாத ஊர், சங்கு ஊதாத ஊர், அரும்பும் மலருமாகப் பறித்துச் சாத்திவிட்டு உண்ணாத ஊர். விடியுமுன் எழுந்து பூப் பறிக்க ஆள் இருக்கிறதா என்றும் கேட்கிறது அந்தப் பாட்டு. உங்கள் கூட்டத்தில் பேசப்படாமல் போன விஷயம் இதுதான். இடம் பற்றிப் பேசினீர்கள், வசூல் பற்றிப் பேசினீர்கள். கும்பாபிஷேகத்துக்கு மறுநாள் காலை நடையைத் திறந்து விளக்கு ஏற்றப்போவது யார் என்று யாராவது கேட்டார்களா?

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மதுரைக்கு வடக்கே நாங்கள் பல வருடம் குடியிருந்த ஒரு நகரில், ஒரு தனியார் மனையின் மூலையில் வேப்பமரம் நின்றது. அதன் அடியில் யாரோ ஒரு சிறிய பிள்ளையாரை வைத்திருந்தார்கள். எதிர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், வீட்டு வேலைக்குப் போகிறவர், தினமும் ஐந்தரை மணிக்கு அங்கே வருவார். வேப்பஞ்சருகைக் கூட்டுவார். ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீரில் பாதியைப் பிள்ளையாருக்கு ஊற்றுவார், மீதியைத் தரையில் தெளித்து நான்கு புள்ளிக் கோலம் போடுவார். மழைக்காலத்தில் அகல் அணைந்து போகாமலிருக்க உடைந்த மண்பானையின் வாய்ப்பக்கத்தைக் கவிழ்த்து ஒரு மறைப்புச் செய்து வைத்திருந்தார். அதன் உட்புறம் கரி படிந்து, தொட்டால் விரலில் ஒட்டும். எட்டு வருடம் இது நடந்தது. நாங்களெல்லாம் வேலைக்குப் போகிற அவசரத்தில் வண்டியிலிருந்தபடியே கும்பிட்டுப் போனவர்கள்.

பிறகு கோயில் கட்டத் தீர்மானித்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். அந்தப் பெண் ஐந்நூறு ரூபாயை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ‘வாடகைக் குடித்தனத்துக்கு வரி கிடையாதும்மா, உண்டியல் வைக்கும்போது போடுங்கள்’ என்று உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் தலைக்கட்டு வரி என்பது பணம் மட்டுமல்ல என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரி வாங்கினால் நீ இந்த ஊர்க்காரன், மறுத்தால் நீ அந்நியன். ஒருவரைத் தள்ளிவைப்பதென்றால் ஊர் முதலில் செய்வதே அவரிடம் வரி வாங்காமல் விடுவதுதான். இதைத் தெரிந்த மனிதர்களே அந்த உறையைத் திருப்பினார்கள். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

கும்பாபிஷேகம் சிறப்பாக நடந்தது. கருங்கல்லில் உபயதாரர்கள் பெயரை வெட்டிப் பதித்தார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. சில மாதங்களில் வீடு மாறிப் போய்விட்டார். இப்போது அந்தக் கோயிலுக்குக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். நான்கு கோயில்களுக்குப் பூஜை செய்யும் குருக்கள் ஸ்கூட்டரில் வந்து இருபது நிமிடம் நடை திறந்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கோயில் தரும் சம்பளத்தில் அவரால் குடும்பம் நடத்த முடியாது. ஒரு வேளைப் பூஜைக்குக்கூட வழியில்லாத கோயில்களுக்கென்று அறநிலையத் துறை ‘ஒரு கால பூஜைத் திட்டம்’ வைத்திருக்கிறது. 17,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டியிருப்பார்.

உங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் யானைமலை தெரியும். அதன் அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் மாமியாரை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். கலியுகம் 3871, அதாவது கி.பி. 770 என்று காலம் குறித்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன் காரி மலையைக் குடைந்து அந்தக் கற்றளியைச் செய்தான். செய்து முடித்தவன் ‘நீர்த்தெளியாதே’ இறந்துபோனான் என்கிறது வட்டெழுத்து. அவனுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன், முகமண்டபம் எடுத்து ‘நீர்த்தெளித்தான்’. கும்பாபிஷேகத்துக்கு நம் பழைய தமிழில் இருந்த சொல் எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். நீர் தெளிப்பது, அவ்வளவுதான். அந்த வேப்பமரத்தடியில் பாதிக் குடம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தவரை நினைத்தால் எனக்கு இந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது. அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்த ஒருவனுக்கே தொடங்கியதை முடித்து வைக்கத் தம்பி வேண்டியிருந்தது. உங்கள் சங்கத்தில் அந்தத் தம்பி யார் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பூங்கா இடத்தில் கட்டவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளிக்கென்று ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அது உங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்கு மிச்சம் விட்ட இடம். பொதுத் தெருக்களிலும் பூங்காக்களிலும் எந்த மதத்தின் பெயராலும் அனுமதியில்லாத வழிபாட்டு இடம் கட்டக்கூடாது என்று 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும். பிள்ளைகளின் இடத்தைப் பிடுங்கிக் கட்டிய கோயிலில் எந்தப் பிள்ளையார் நிம்மதியாக உட்காருவார்? இரண்டு சென்ட் வாங்குங்கள். இருநூறு வீடுகள் சேர்ந்தால் அது முடியாத காரியமில்லை. தனி ஆள் பெயரில் வாங்காமல் ஓர் அறக்கட்டளையின் பெயரில் பதியுங்கள். முறையாக அனுமதி வாங்குங்கள். ஒலிபெருக்கி வேண்டாம் என்று முதல் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் எதிர்ப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 2004-இல் உயர்நீதிமன்றக் கிளை வந்த பிறகு மேலூர் சாலையின் இருபுறமும் மனைக்கல் ஊன்றிக்கொண்டே போனார்கள். நீங்கள் வீடு கட்டியிருக்கும் இடம் அதற்கு முன் வயலாகவோ புஞ்சையாகவோ இருந்திருக்கும். அந்த வயலுக்கு ஒரு கண்மாய் இருந்திருக்கும். கண்மாய் இருந்தால் கரையில் ஓர் அய்யனார் இருப்பார், மடைக்குப் பக்கத்தில் ஒரு கருப்பு இருப்பார். நம் பக்கத்தில் இது தப்பாது. அந்தச் சாமியைக் கும்பிடுகிற பழைய ஊர் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அரை மைலுக்குள் இருக்கும். உங்களை அவர்கள் ‘நகர்க்காரர்கள்’ என்பார்கள். நீங்கள் அவர்களை என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுடைய முளைப்பாரி போகிற பாதையில் உங்கள் மனைப்பிரிவின் சுற்றுச்சுவர் குறுக்கே நிற்கிறதா, அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புக்காகக் குயவரிடம் பிடிமண் கொடுக்கும் நாளில் உங்களில் யாராவது போய் நின்றீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள். வெயிலில் நிற்கும் அந்த அய்யனாருக்கு ஒரு கூரையும் இரவில் ஒரு விளக்கும் தேவைப்படலாம். உங்கள் இருநூறு வீடுகளும் அந்த ஊரோடு சேர்ந்து அதைச் செய்தால் புதிதாகக் கட்ட வேண்டிய தேவையே இல்லாமல்கூடப் போகலாம்.

ஆனால் அங்கே இன்னார் வரலாம், இன்னார் வாசலோடு நிற்க வேண்டும் என்று வழக்கம் வைத்திருந்தால் தயங்காமல் திரும்பி வந்து உங்கள் கோயிலைக் கட்டுங்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் அரிசன மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த மண் இது. அதற்கு இத்தனை ஆண்டுகள் கழித்து மதுரையைச் சுற்றிப் புதிதாக எழும் ஒரு கோயிலில் முதல் மரியாதை, பரிவட்டம் என்ற பேச்சே எழக்கூடாது. வாடகைக்கு இருப்பவரிடமும் வரி வாங்குங்கள். குப்பை வண்டி தள்ளி வருகிற அம்மாவிடமும், அவர் கொடுக்க விரும்பினால், பத்து ரூபாயோ இருபது ரூபாயோ வாங்கி ரசீது போட்டுக் கொடுங்கள். பெயர் வெட்டிய கல் வேண்டாம்.

மாமியாரின் பிடிமண் பற்றி. அதைப் பொதுக்கோயிலில் சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். குலதெய்வம் ஒரு வம்சத்துக்கு உரியது. உங்கள் நகரில் இருநூறு வீட்டுக்கும் தனித்தனிக் குலதெய்வம் இருக்கும். ஒரு வீட்டுப் பிடிமண் உள்ளே போனால் அந்த வீட்டுக்கு ஓர் உரிமை வந்துவிடும், பத்து வருடம் கழித்து அது வழக்காகும். பல ஊர்ச் சனம் கலந்து வாழும் இடங்களில் நம் முன்னோர் பிள்ளையாரை வைத்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் யாருக்கும் பங்காளி இல்லை. பிடிமண் உங்கள் பூஜை அறையிலேயே இருக்கட்டும். அங்கே விளக்கு ஏற்ற மாமியார் முழங்காலை வருத்த வேண்டியதில்லை.

வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். கோயிலுக்கு வானம் (அஸ்திவாரம்) தோண்டும் நாளில், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சொந்த ஊர் வயலிலிருந்தோ வாசலிலிருந்தோ ஒரு கை மண் கொண்டுவந்து குழியில் போடட்டும். அது பிடிமண் அல்ல, ஊர் மண். ராஜபாளையத்து மண்ணும் இருக்கும், உசிலம்பட்டி மண்ணும் இருக்கும், ராமநாதபுரத்து உப்பு மண்ணும் இருக்கும். வாடகைக் குடித்தனங்களிடம் முதலில் சொல்லுங்கள். அவர்கள் ஊருக்குப் போய்வர விடுமுறை கிடைக்க வேண்டும், ஆகவே ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரைப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். நல்லெண்ணெய் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். மாமியாருக்கு என் வணக்கம்.

அன்புடன்.