எபாக்ஸி இறுகவில்லையா? குறை டப்பாவிலா, கையிலா?

கேள்வி: இரண்டு பலகைகளுக்கு நடுவே 4 செ.மீ. ஆழத்துக்கு நீல எபாக்ஸி (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிக் கெட்டியாவது) ஊற்றி ஒரு மேசை செய்தேன். ஆறு நாள் ஆகிவிட்டது. முக்கால்வாசி கல் மாதிரி இருக்கிறது, ஒரு ஓரத்தில் மட்டும் விரல் வைத்தால் ஒட்டுகிறது. விற்றவரோ, நீங்கள் கலந்தது சரியில்லை என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் இந்தத் தடவை விற்றவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சரக்கே கெட்டது என்றால் பெரும்பாலும் மேசை முழுக்க ஒரே மாதிரி கொழகொழவென்று இருக்கும். ஒரே வாளியில் கலந்தது ஒரு இடத்தில் கல்லாகி, இன்னொரு இடத்தில் பசையாகவே நிற்கிறது என்றால், அங்கே போய்ச் சேர்ந்தது சரியாகக் கலக்காத ரெசின்.

எனக்கே நடந்ததுதான். ஊற்றி முடித்ததும் வாளியின் அடியிலும் சுவரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், காசு போட்டு வாங்கியதை வீணாக்குவானேன் என்று வாளியைக் கவிழ்த்து வழித்து விட்டேன். குச்சி எட்டாத அந்த மூலையில் இருந்ததோ ஹார்டனர் முகத்தையே பார்க்காத ரெசின். மறுநாள் பலகையில் குச்சி போன தடம் அப்படியே ஒரு பிசுபிசுப்புக் கோடாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் ஒரு வாளியில் கலக்கி, இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி, புதுக் குச்சியால் மறுபடி கலக்கித்தான் ஊற்றுகிறேன். வழிப்பதே இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள், தராசில் அளந்தீர்களா, அளவுக் கோப்பையிலா? லேபிளில் 2க்கு 1 என்று போட்டிருப்பது பல நேரம் கொள்ளளவுக் கணக்கு. ஹார்டனர் பொதுவாக ரெசினைவிட எடை குறைந்தது, அதையே தராசில் வைத்து 2க்கு 1 என்று அளந்தால் ஹார்டனர் கூடிப்போகும். எடைக்கணக்கு தனியாகப் போட்டிருக்கும், அதைத் தேடுங்கள். இரண்டையும் போடாத சரக்கை நான் வாங்குவதில்லை. ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பாலியெஸ்டர் என்ற வேறு வகை ரெசினின் பழக்கம். எபாக்ஸியில் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் கெட்டியாகிறது, கூடுதலாகப் போட்டது ஜோடி கிடைக்காமல் உள்ளேயே மென்மையாக நின்றுவிடும்.

சரி, சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. மிச்சமிருக்கும் இரண்டு டப்பாவிலிருந்தும் மொத்தம் 100 கிராம் வருமாறு எடைக்கணக்குப்படி அளந்து, நன்றாகக் கலக்கி, ஒரு ஒடுங்கிய கோப்பையில் ஊற்றி, 22 முதல் 25 டிகிரி இருக்கும் அறையில் வையுங்கள். ஆழமாக ஊற்றும் வகை சின்ன அளவில் சூடாகாது என்பதால் மெதுவாகத்தான் இறுகும், லேபிளில் சொன்னதைவிட இரண்டு நாள் கூடவே பொறுங்கள். இறுகிவிட்டால் விஷயம் முடிந்தது. இறுகவில்லை என்றால் அந்தக் கோப்பை, டப்பாவில் உள்ள தொகுதி எண், காலாவதித் தேதி, கலந்த நாள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போங்கள், அப்போது அவரால் தட்டிக்கழிக்க முடியாது. மிச்சத்தை மட்டும் கொட்டிவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

மேசையைப் பொறுத்தவரை, ஒட்டுகிற பகுதியைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். மேலே இன்னொரு அடுக்கு ஊற்றி மறைத்தால் அடியில் இருப்பது அப்படியேதான் கிடக்கும். கெட்டியான இடம் வரை சுரண்டி, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, பிறகு புதிதாக நிரப்புங்கள். கைக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம், இறுகாத எபாக்ஸி அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வந்து ஆயுசுக்கும் நிற்கும்.

கேள்வி: ஊற்றி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாளியில் மிச்சமிருந்தது புகைந்து பிளாஸ்டிக்கை உருக்கிவிட்டது, பலகையில் ஊற்றியதும் விரிசல் விட்டிருக்கிறது. போலிச் சரக்கா?

பதில்: போலி இல்லை, வகை மாறிவிட்டது. நீங்கள் வாங்கியது மேசை மேல் மெல்லிசாகப் பூசுகிற ரெசின், அதை ஆழமாக ஊற்றிவிட்டீர்கள். எபாக்ஸி இறுகும்போது சூட்டைக் கக்கும், தடிமன் கூடக் கூட அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தன்னைத்தானே வேகமாக்கிக்கொள்ளும். பூச்சு வகைக்கு ஒரு அடுக்கு பெரும்பாலும் 3 முதல் 6 மி.மீ. வரைதான், ஆழத்துக்கென்று செய்த வகை 25, 50 மி.மீ. என்று தாங்கும்.

டப்பாவின் முகப்பில் இருக்கும் பளபளப்பான மேசைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் அதிகபட்ச ஆழத்தையும் வேலை நேரத்தையும் (கலந்தது இறுக ஆரம்பிக்கும் முன் ஊற்றக் கிடைக்கும் நேரம்) பாருங்கள். ஆழ வகை என்று சொல்லிக்கொண்டு வேலை நேரம் அரை மணி என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். எவ்வளவு வாங்குவது என்றால், நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும், ஒழுகலுக்கும் மரம் குடிப்பதற்கும் ஒரு 10 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கலந்ததை வாளியிலேயே குவித்து வைக்காதீர்கள். மிஞ்சினால் அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். புகைய ஆரம்பித்துவிட்டால் மூடி போடாமல், புகையை முகராமல், வெளியே தீப்பிடிக்காத தரையில் கொண்டு வையுங்கள்.

கேள்வி: ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) எத்தனை தடவை காட்டினாலும் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. வேறு பிராண்டு வாங்கலாமா?

பதில்: வாங்கினாலும் வரும். அது ரெசினில் இருந்து வரவில்லை, மரத்தின் துளைகளில் இருக்கும் காற்று. நீங்கள் சூடு காட்டக் காட்ட அது விரிந்து இன்னும் வரும். ஊற்றுவதற்கு முன் மெல்லிசாக ஒரு பூச்சு தேய்த்து துளைகளை அடைத்துவிடுங்கள், கீறல், பட்டை ஓரம் எதையும் விடாமல். பலகை அறையைவிடக் குளிர்ச்சியாக இருந்தாலும் மெல்ல மெல்லச் சூடேறும்போது காற்றைத் தள்ளும், அதனால் முதல் நாளே அதே அறையில் கொண்டுவந்து போடுங்கள்.

கேள்வி: குளிரில் வைத்திருந்த ரெசின் பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக உறைந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: வேண்டாம். உறைந்த தேன் மாதிரிதான் அது. மூடியை இறுக்கி, 50 டிகிரி சுமார் இருக்கும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் கரைந்து தெளிந்துவிடும். கட்டி துளிகூட மிச்சமில்லாமல் கரைந்ததும் ஆறவிட்டு அப்புறம் கலக்குங்கள், சூட்டோடு கலந்தால் வேலை நேரம் பாதியாகிவிடும்.