நெஞ்சுக் கவசம் வாங்கினால் மட்டும் போதுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். 11 வயது மகன் பேஸ்பால் ஆடுகிறான். பந்து நெஞ்சில் பட்டு இதயமே நின்றுவிடும் என்கிறார்கள். சட்டைக்குள் போடும் கவசம் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: வாங்குங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்பது ‘காமோஷியோ கார்டிஸ்’ பற்றி. மிக அரிது. விலா எலும்பு முறியாது, இதயத் தசையும் கிழியாது. ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நொடியின் மிகச் சிறு துணுக்கில், இதயத்துக்கு நேர் மேலே அடி விழுந்தால் லயம் குலைந்து இதயம் வெறுமனே நடுங்கத் தொடங்குகிறது. அசுர வேகமும் தேவையில்லை. பன்றிகளில் செய்த சோதனைகளில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகமே அதிக ஆபத்தாக இருந்தது. பையன்கள் சாதாரணமாக எறியும் வேகம்தான். சிறுவர்களின் நெஞ்சுச் சுவர் இளசு என்பதால் அடி எளிதில் உள்ளே இறங்கும்.

கவசம் போட்டிருந்தும் இறந்த பிள்ளைகள் உண்டு. ஆகவே இந்த ஆபத்துக்கென்றே வகுத்த ‘நாக்ஸி என்.டி.200’ (NOCSAE ND200) தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பஞ்சுப் பட்டை கன்றிப்போகாமல் காக்கும், அவ்வளவுதான். முத்திரை இருந்தாலும் ஆபத்து குறையுமே தவிர, அறவே போகாது.

பயிற்சிக்காவது மென்மையான பந்து கேளுங்கள். சோதனைகளில் அதற்கு ஆபத்து குறைவு. அதைவிட முக்கியம் உடம்பைத் திருப்பப் பழகுவது. மட்டை பிடித்து நிற்கையில் உடம்பை நோக்கி வரும் பந்தைக் கண்டதும் பிள்ளைகள் பின்னால் சாய்ந்து நெஞ்சைத் திறந்து காட்டுவார்கள். முன்தோளை உள்பக்கம் திருப்பி, மோவாயைத் தாழ்த்தி, பந்துக்கு முதுகைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் டென்னிஸ் பந்தை மெதுவாக எறிந்து பழக்கலாம். தரையோடு வரும் பந்தை ‘நெஞ்சால் தடு’ என்று கோச் சொன்னால், சங்கடப்படாமல் மறுத்துப் பேசுங்கள்.

அடிபட்ட பையன் இரண்டு அடி நடந்துவிட்டுச் சுருண்டு விழுந்தால், மூச்சடைத்திருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் ஒருவர் 911 அழைக்க, ஒருவர் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த, இன்னொருவர் ஏ.இ.டி. (மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கையடக்கக் கருவி) எடுத்துவர ஓட வேண்டும். 2023 ஜனவரியில் சின்சினாட்டி மைதானத்தில் சரிந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் பிழைத்தது அங்கேயே உடனே கிடைத்த சிகிச்சையால்தான். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது.

உங்கள் மாநிலத்தில் பள்ளிகளில் ஏ.இ.டி. இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சனிக்கிழமை ஆட்டம் ஊர்ப் பூங்காவில் நடக்கும். கருவி பூட்டிய பள்ளிக்குள் இருக்கும். எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று இந்த வாரமே கோச்சிடம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், பெற்றோர் சேர்ந்து அணிக்கென ஒன்று வாங்கி உபகரணப் பையிலேயே வைத்துவிடலாம்.