அட்டை வீட்டைக் கொளுத்துவதும் பாடம்தான்

தம்பி, கோத்தகிரியிலிருந்து இங்கிலாந்து வந்து மூன்று மாதம் ஆகிறது, இயர் 2 (ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படிக்கும் மகளுக்கு வரலாற்றுப் புத்தகமே தரவில்லை, அட்டைப்பெட்டியில் வீடு செய்து வரச் சொல்லி அதைப் பள்ளி மைதானத்தில் கொளுத்தப் போகிறார்களாம், இப்படியே விளையாடினால் என்ன படிப்பாள், நம் ஊர்க் கதை எப்போது தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். நான் அங்கே போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. இப்போது விடுமுறைக்குப் பிள்ளைகளோடு குன்னூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

அந்த வீட்டை அவளையே செய்ய விடுங்கள். அது 1666 லண்டன் பெருந்தீ. புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றி, நான்கு நாளில் 13,000 வீடுகளுக்கு மேல் தின்ற தீ. நமக்கென்றால் இதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். என் மூத்தவள் வகுப்பில் பெட்டிகளை நெருக்கமாக அடுக்கி, ஓரிடத்தில் மட்டும் இடைவெளி விட்டுக் கொளுத்தினார்கள். காற்று வீச, தீ ஒவ்வொரு கூரையாகத் தாவி, இடைவெளியில் நின்றுவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "ஏம்மா, நடுவுல இருந்த வீட்டை முதல்லயே இடிச்சிருக்கலாம்ல?" லண்டன் மேயர் அப்படி இடிக்கத் தயங்கியதால்தான் தீ கைமீறியது என்பதை நான் அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். நான் பத்தாவது வரை வரலாறு படித்தும் ஒரு வாத்தியாரிடமும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

நம் ஊர்க் கதையைப் பள்ளி சொல்லித் தராது. அது நம் வேலை. ஆனால் அதே வழியில் செய்யலாம். நான் மலை ரயிலில் ஆரம்பித்தேன். பார்சல் அட்டையின் மேல்தாளை உரித்தால் உள்ளே வரிவரியாக மேடு தெரியும். அதுதான் பல்சட்டம், தண்டவாளத்துக்கு நடுவே ரயில் பிடித்து ஏறும் பல் வைத்த இரும்புப் பட்டை. இன்னொரு துண்டை டப்பா மூடியைச் சுற்றி ஒட்டினால் பல்சக்கரம். பலகையைச் சாய்த்து, மூடியில் பென்சிலைச் செருகி, பின்னால் ஒரு டீத்தூள் பொட்டலத்தைக் கட்டி ஏற்றச் சொன்னேன். வழவழ மூடி வழுக்கியது. பல் வைத்தது ஏறியது. 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவில், 1899இல் குன்னூர் வரை ரயில் ஏறியது எப்படி என்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. போன வாரம் குன்னூர் வரும் வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் ரயில் நின்றதும் சின்னவன் இறங்கித் தண்டவாளத்துக்கு நடுவே பார்த்தான். "ரெண்டு வரிசைப் பல்லும்மா! நாம ஒண்ணுதான் வச்சோம்" என்றான். எதற்கு இரண்டு என்று அவனே யோசித்துக்கொண்டு வந்தான். ஒன்றின் பல் விடுபடும்போது மற்றது பிடித்திருக்கும் என்று ரன்னிமேடு தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டான்.

கோத்தகிரிக்கு ரயில் இல்லையே என்று நினைக்காதீர்கள். பழைய பேப்பரும் மைதாப் பசையும் வைத்து ஒரு மலை செய்யுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரை கம்பளி நூலால் ரோடு போடச் சொல்லுங்கள், மாட்டு வண்டி ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லி. நேராகப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுக்குத் தானே வந்துவிடுவாள்.

இதில் எனக்குப் பிடிவாதம் ஒன்று உண்டு. கோத்தகிரி பக்கத்துக் கன்னேரிமுக்கில் பங்களா கட்டிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனைச் சொல்லுங்கள், அவர் மலையேறி வந்த 1819ஐயும் சொல்லுங்கள். ஆனால் அவர் நீலகிரியைக் "கண்டுபிடித்தார்" என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் எல்லாரும் அதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள். உங்கள் ஊர்ப் பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்கள். அட்டை மலையில் முதலில் அவர்கள் ஊர்களை வைத்துவிட்டு, பிறகு ரோட்டைப் போடட்டும்.

பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் தெர்மாகோல், பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம், புகை கெடுதல். வெறும் அட்டையும் ஐஸ்கிரீம் குச்சியும் போதும். கொளுத்தும் நாளில் பெற்றோரையும் கூப்பிட்டால் லீவு போட்டாவது போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள்.