மலைப்பாதைக்குப் பழைய எக்ஸ்5 போதுமா, புதியதுதான் வேண்டுமா?

"மாதம் இரண்டு முறை கோவையிலிருந்து ஊட்டி போய் வருகிறேன். பழைய பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. சொகுசிலும் ஓட்டத்திலும் புதிய எக்ஸ்5-க்கும் அதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சொந்தமாக எக்ஸ்5 கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒரு எஸ்டேட் குடும்பத்துக்குக் கார் ஓட்டுகிறேன். அந்த வீட்டுக்கு அடுத்தடுத்து மூன்று எக்ஸ்5 வந்தன: 2006-இல் வெளியான இ70, 2013-இன் எஃப்15, 2018-இன் ஜி05 (ஒவ்வொரு தலைமுறை எக்ஸ்5-க்கும் கம்பெனி வைத்த குறியீடு இது). மூன்றும் டீசல். 1999-இல் வந்த முதல் எக்ஸ்5-ஐ நான் ஓட்டியதில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்கு இ70. பின்சீட்டில் உட்காருகிறவருக்கு ஜி05. இதுதான் என் பதில். ஆனால் இடையில் டயர் என்று ஒரு சங்கதி இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை கண் காட்டக் கோவை போவார். குன்னூரிலிருந்து காட்டேரி, மரப்பாலம், பர்லியாறு, கல்லாறு என்று இறங்கினால் மேட்டுப்பாளையம். 14 கொண்டை ஊசி வளைவு. கையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். அதை எந்த இடத்தில் மூக்குக்குக் கொண்டுபோகிறார் என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பழம் சொன்னதுதான்.

இ70-இல் பழம் பெரும்பாலும் மடியை விட்டு எழாது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் "தம்பி, இடுப்பு போச்சு" என்பார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எங்களிடம் இருந்த இ70-இல் சாதாரண ஸ்டீல் ஸ்பிரிங், அதுவும் விறைப்பானது. வளைவில் உடம்பு சாயாது, அதனால் தலை சுற்றாது. ஆனால் வளைவுக்கு முன்னால் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டை வேகத்தடைகள் ஒவ்வொன்றும் எண்ணி எண்ணி முதுகில் இறங்கும். எக்ஸ்5-க்கு முதன்முதலாக முன்பக்கம் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் வந்தது இந்த இ70-இல்தான். மேலே ஒரு கை, கீழே ஒரு கை சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதால், வண்டி சாய்ந்தாலும் டயர் தரையில் சரியாக உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கும் பழைய ஹைட்ராலிக் வகை. மழை பெய்து சகதி வழிந்த இடத்தில் முன்டயர் லேசாக நழுவினால் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். என்ன, மெதுவாகப் போகும்போது கனக்கும். 14 வளைவும் ஏறி முடிக்கும்போது தோள்பட்டை கேட்கும்.

இப்போது டயர். இ70-க்கு வந்தவை ரன்ஃபிளாட் டயர்கள். காற்று முழுதாகப் போனாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓடலாம். அதற்காகப் பக்கச்சுவரைத் தடியாகச் செய்திருப்பார்கள். அந்தச் சுவர் மடங்காது, அதனால் சின்னப் பள்ளத்தையும் அப்படியே மேலே அனுப்பும். தேய்ந்தபிறகு ஐயாவிடம் கேட்டு நான்கையும் சாதாரண டயராக மாற்றினோம். அடுத்த தடவை பெரியம்மா இடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. "வண்டிய சர்வீஸ் விட்டியா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது: இ70 முரடு என்று ஊர் சொன்னதில் பெரும்பங்கு டயருடையது. ஆனால் ரன்ஃபிளாட் வண்டி என்பதால் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் கட்டாயம். பர்லியாறில் மங்குஸ்தான் கிடைக்கும், எக்ஸ்5 டயர் கிடைக்காது.

அப்புறம் ஒரு கூத்து. ஒருமுறை பின்டயர் இரண்டு மட்டும் போனபோது, ஒரு டயர் கடையில் வேறு கம்பெனி டயர் இரண்டைப் போட்டு "ஒரே சைஸ்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நானும் நம்பினேன். நின்ற இடத்திலிருந்து முழுதாக ஒடித்துக் கிளம்பினால் வண்டி அடியில் யாரோ தட்டுவதுபோல் நடுக்கம். எக்ஸ்5-இல் இருக்கும் எக்ஸ்டிரைவ் அமைப்பு நான்கு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டுகிறது. முன்டயர் சுற்றளவும் பின்டயர் சுற்றளவும் மாறினால், இரண்டுக்கும் நடுவில் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் ஓயாமல் சண்டை போட்டே தேயும். கடைசியில் நான்கையும் மாற்றினோம். அதில் ஐயா என்னைத் திட்டாதது அவர் பெருந்தன்மை.

எஃப்15 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரங்களுக்கிடையே உள்ள நீளம் இ70-இல் இருந்த அதே 2933 மில்லிமீட்டர். சத்தம் குறைந்தது, சீட் நன்றாக இருந்தது, ஸ்டீயரிங் மின்சாரத்துக்கு மாறி விரலால் திருப்பும்படி லேசாகிவிட்டது. எங்கள் வண்டியில் பின்னால் மட்டும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. வேகத்தடையில் இடுப்பு பிழைத்தது. ஆனால் ஓட்டும் மோடை கம்ஃபர்ட்டில் போட்டு இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் தொட்டில்போல் ஒரு ஆட்டம் மிச்சமிருக்கும். மரப்பாலம் வருவதற்குள் எலுமிச்சம்பழம் வெளியே வந்துவிடும்.

ஜி05-இல் நான்கு பக்கமும் காற்று. தேவைக்கு 40 மில்லிமீட்டர் ஏறும், 40 இறங்கும். பெரியம்மா ஏறும்போது நான் இறக்கிவைத்துவிடுவேன், முட்டிவலிக்காரர்களுக்கு இது பெரிய உபகாரம். சக்கரங்களுக்கிடையே உள்ள நீளமும் 2975 மில்லிமீட்டர் ஆகிவிட்டதால் வெலிங்டன், அருவங்காடு வழியாக ஊட்டி போகும்போது வேகத்தடையில் முன்னும் பின்னும் தூக்கிப்போடுவது குறைவு. ஆனால் இதிலும் கம்ஃபர்ட்டில் விட்டால் மிதக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைத்துக்கொள்ளும் ஸ்போர்ட் இன்டிவிஜுவல் மோடில் போய், சஸ்பென்ஷனை மட்டும் ஸ்போர்ட்டிலும் இன்ஜினையும் ஸ்டீயரிங்கையும் கம்ஃபர்ட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். முழு ஸ்போர்ட் வேண்டாம், ஆக்ஸிலரேட்டர் தொட்டதும் எகிறும், பின்சீட்டில் கழுத்து ஒடியும். இப்படி வைத்தபிறகு பெரியம்மா கல்லாறு வரைக்கும் தூங்கிக்கொண்டு வருகிறார்.

இதன் குறை அகலம். இ70 1933 மில்லிமீட்டர், ஜி05 2004. நாலு விரல் அகலம்தானே என்று தோன்றும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறுங்கள், 36 வளைவு. மேலேயிருந்து ஜீப் ஒன்று முட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது அந்த நாலு விரல் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது சட்டம், ஜீப்காரருக்கு அது ஞாபகம் இருக்கவேண்டுமே. இ70-இல் இடதுபக்கச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு உடம்பிலேயே தெரியும். ஜி05-இல் கேமராவைப் பார்த்துத்தான் நம்புகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தனியாகவோ மனைவியோடோ நீங்களே ஓட்டிப் போவதானால் பழையதை வாங்கலாம், சாதாரண டயர் போட்டால் சொகுசில் பெரிதாக இழக்க மாட்டீர்கள். வயதானவர்கள் பின்னால் வருவதானால் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ஜி05 பாருங்கள். ஆனால் பழையது இப்போது பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிய வண்டி. சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் போயிருந்தால் நான் மேலே சொன்ன இ70 அது இல்லை. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால் இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அந்த ரப்பர் பைக்கும் வயது உண்டு. அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கல்லாறு தாண்டி நாலு வளைவாவது ஏறி இறங்குங்கள், அதில் இரண்டு வளைவுக்கு நீங்கள் பின்சீட்டில் இருங்கள். புறப்படுவதற்கு முன் குனிந்து நான்கு டயரும் ஒரே கம்பெனிதானா என்று பாருங்கள். இல்லை என்றால் விலையைப் பேசுவதற்கு முன் டிரான்ஸ்பர் கேஸைப் பற்றிப் பேசுங்கள்.