காய்ந்தது கொடிதான், கிழங்கு இல்லை: தோட்டம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கிழங்கு வைத்து வளர்க்கிற பூச்செடிகள் பற்றித்தான். அதனால் ரோஜா, மல்லிகைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன ஆடியில் செங்காந்தள் கிழங்கு வாங்கி மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் வைத்தேன். மூங்கில் கம்பு நட்டு ஏற்றிவிட்டேன், ஐப்பசியில் பூத்துத் தள்ளியது, ஆனால் காய் பிடிக்கவில்லை. தை பிறந்ததும் இலை மஞ்சளாகி, கொடி அடியோடு காய்ந்துவிட்டது. இன்னும் தினமும் தண்ணீர் விடுகிறேன், உரமும் போட்டுப் பார்த்தேன், ஒரு துளிர்கூட வரவில்லை. கிழங்கு செத்துவிட்டதா? தொட்டியைக் காலி செய்யச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். (நங்கநல்லூர் வாசகி)

முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள் அம்மா. இன்றைக்கே. உரமும் வேண்டாம். கிழங்கு சாகவில்லை, உறங்குகிறது. இலையும் வேரும் இல்லாத நேரத்தில் அதற்குத் தண்ணீர் தேவையே இல்லை, விட்ட தண்ணீர் மண்ணில் தேங்கிக் கிழங்கைத்தான் அழுகவைக்கும். சென்னை மாடிகளில் செங்காந்தள் செத்துப்போவது பெரும்பாலும் வெயிலால் இல்லை, இந்த மாதிரிப் பாசத்தால்தான்.

அதன் வருடக் கணக்கு இப்படி. ஆனி, ஆடியில் முளைக்கும், புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை பூக்கும், காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும், அப்புறம் மாசியிலிருந்து வைகாசி வரை மண்ணுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. அக்னி நட்சத்திரத்தை மண்ணுக்கடியில் படுத்தே கடத்திவிடுகிற செடி. சென்னைக்கு இதைவிடத் தோதான பூ கிடையாது என்பது என் கட்சி, மாநில மலர் என்பதற்காகச் சொல்லவில்லை.

தோண்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். போன வருடம் நீங்கள் நட்ட கிழங்கு இப்போது இருக்காது. அது தன்னிடமிருந்த சத்தையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டு வற்றிச் சுருங்கி வெறும் தோலாகியிருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலபேர் போச்சு என்று தூக்கி எறிகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே விரலை விட்டுத் துழாவினால் புதுக் கிழங்கு தட்டுப்படும், வெளிர் பழுப்பில், வழவழப்பாக, இரண்டு கை விரித்த மாதிரி வளைந்து. அந்த இரண்டு கைகளின் நுனியிலும் ஆளுக்கு ஒரு முளைதான் உண்டு, நடுவில் எங்கேயும் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கை அவ்வளவுதான். ரொம்பச் சுலபமாக ஒடியும், அதனால் கொத்துக் கரண்டி வைத்துக் குத்தாமல், மண் நன்றாகக் காய்ந்த பிறகு தொட்டியைச் சாக்கின் மேல் சாய்த்துக் கொட்டிக் கையால் பொறுக்குங்கள். இரண்டு கைகளும் நல்ல நுனியோடு இருந்தால் நடுவில் பிரித்து இரண்டு தொட்டியிலும் வைக்கலாம்.

எடுத்ததைக் காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வைத்தால் போதும். எடுக்க மனமில்லையா, தொட்டியோடு அப்படியே மழை படாத இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ தள்ளி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வைகாசிக் கடைசியில் செம்மண், மணல், மட்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து, கிழங்கைப் படுக்கவைத்து 2 அங்குலம் மண் மூடி, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் மேல்மண் காய்ந்தால் மட்டும். முளைக்க ஒரு மாதம்கூட ஆகும், நடுவில் கிளறிப் பார்க்கக் கூடாது, முளை அப்போதுதான் ஒடியும்.

கொடி ஏற மூங்கில் கம்பு நட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உதவாது. அடுத்த முறை இலையின் நுனியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இலை அகலமாகத் தொடங்கி, நுனிக்கு வரவர நூலாக மெலிந்து, எதன் மீதாவது பட்டால் சுருண்டு பிடித்துக்கொள்ளும். அந்தச் சுருளுக்குத் தடித்த கம்பு அடங்காது. சணல் கயிறு, மெல்லிய கம்பி, கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலை, இவைதான் சரி. இதை முளை வரும் முன்பே கட்டிவிடுங்கள், ஒரு ஆள் உயரத்துக்கு மேலேயே போகும். ஐப்பசி மழையில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடித்துளை அடைத்திருந்தால் ஒரே புயல் மழையில் கதை முடிந்துவிடும்.

காய் பிடிக்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பூவைப் பாருங்கள், இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடங்கியிருக்க, சூல்தண்டு மட்டும் மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தானாக அதில் போய் விழுவது கஷ்டம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதை ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவர்கள் காலையில் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். நீங்களும் ஒரு பூவின் மகரந்தத்தைப் பஞ்சில் தொட்டு இன்னொரு பூவின் சூல்முனையில் தடவிப் பாருங்கள். ஆனால் விதை போட்டுப் பூப் பார்க்க மூன்று, நான்கு வருடம் பிடிக்கும், கிழங்கே போதும் என்பேன்.

கடைசியாக, இதைத் தவறவே விடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று சொல்வது இதைத்தான். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. மூட்டு வீக்கமான கவுட்டுக்கு டாக்டர்கள் மில்லிகிராமில் அளந்து கொடுப்பதும் அதுதான், கிழங்காகச் சாப்பிட்டால் உயிர் போகும். அதனால் கையுறை போட்டுத் தொடுங்கள், சமையலறையில் சேனை, சர்க்கரைவள்ளி பக்கத்தில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். குழந்தைகள் கடித்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108 கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரி.

ஆன்லைனில் ஓரியண்டல் லில்லி கிழங்கு வாங்கினேன். 'எல்லாப் பருவத்திலும் பூக்கும்' என்று போட்டிருந்தார்கள். ஜனவரியில் ஒரு முறை பூத்தது, அடுத்த வருடம் ஒரு ஜாண் இலையோடு நின்றுவிட்டது. என்ன உரம் போடலாம் சார்? (வேளச்சேரி வாசகர்)

உரத்தில் விஷயம் இல்லை சார், குளிரில்தான் இருக்கிறது. கடையில் வரும் லில்லியம் (உங்கள் ஓரியண்டல் லில்லி இந்த இனம்தான்) கிழங்குகள் பெரும்பாலும் நெதர்லாந்திலிருந்து வருகிறவை, விற்பதற்கு முன்பே குளிர்ப்பெட்டியில் வாரக் கணக்கில் இருந்துவிட்டு வரும். அந்தக் குளிரை வைத்துத்தான் உங்கள் வீட்டில் ஒரு முறை பூத்தது. இரண்டாம் வருடம் குளிருக்கு எங்கே போகும்? மார்கழி ராத்திரியில்கூட நம் ஊரில் 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்குவது அபூர்வம், அதற்கு 5 டிகிரிக்குப் பக்கத்தில் ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நன்றாக வருகிறதென்றால் காரணம் அதுதான். எல்லாப் பருவத்திலும் பூக்கும் என்று எழுதியவர் சென்னையில் மே மாதம் இருந்ததே இல்லை போலிருக்கிறது.

முயற்சி செய்யத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பூ உதிர்ந்ததும் பூக்காம்பை மட்டும் வெட்டி, தண்டையும் இலையையும் தானாக மஞ்சளாகும்வரை விடுங்கள், கிழங்கு அடுத்த வருடத்துக்குச் சேர்த்துவைப்பது அந்த இலையிலிருந்துதான். இலை காய்ந்த பிறகு தோண்டி, லேசாக ஈரமான தேங்காய்நார்த் தூளில் பொதிந்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். வெங்காயத்துக்கு இருப்பது போன்ற காய்ந்த மேல்தோல் இதற்குக் கிடையாது, வெளியில் கிடந்தால் உலர்ந்துபோகும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் வேண்டாம், பழுக்கும்போது வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கிற மொட்டைக் கெடுத்துவிடும். பெருமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் தொடக்கத்தில், மண்தொட்டியில் 4, 5 அங்குல ஆழத்தில் நடுங்கள். கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும், அதனால்தான் அவ்வளவு ஆழம். காலை வெயில் மட்டும் படட்டும், மேலே காய்ந்த சருகு பரப்பி வேர்ப்பகுதியைக் குளுமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் கிழங்கு வருடா வருடம் சிறுத்துக்கொண்டேதான் வரும். மார்ச்சிலேயே வெயில் ஏறி இலையைக் காயவைத்துவிடுகிறது, சத்துச் சேர்க்க அவகாசம் இல்லை. என்னைக் கேட்டால், ஒரே ஒரு முறை பூக்கிற பூவாக நினைத்து வாங்குங்கள், இல்லையென்றால் அதே தொட்டியில் செங்காந்தள் வையுங்கள்.

அமரில்லிஸ் இலையைக் கறுப்பு நிறப் புழுக்கள் கூட்டமாக மொய்த்து இரண்டே ராத்திரியில் தின்றுவிட்டன. உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது, என்ன மருந்து? (ஆவடி வாசகி)

லில்லி அந்துப்பூச்சியின் புழு அது. அமரில்லிஸ், ஸ்பைடர் லில்லி, செங்காந்தள் எல்லாம் அதற்கு விருந்து, மற்ற உயிர்களுக்கு நஞ்சாக இருக்கிற இலையை இது கவலையில்லாமல் தின்னும். நாலைந்து தொட்டிக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு குவளையில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, குச்சியால் தட்டி அதில் விழவைத்துவிடுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், முட்டை கும்பலாக ஒட்டியிருந்தால் துணியால் துடைத்துவிடலாம். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள், வாரம் ஒரு முறை. கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் போய்விடுவதால் மேல்மண்ணையும் லேசாகக் கிளறிவிடுங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் இலை திரும்ப வரும், பயப்பட வேண்டாம்.

வீட்டில் இரண்டு பூனைகள். லில்லி வைக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா? (பெசன்ட் நகர் வாசகி)

உண்மைதான். லில்லியம் வகையில் இலை, பூ, மகரந்தம், ஏன், பூங்கொத்து வைத்த ஜாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். டே லில்லியும் அப்படித்தான். வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், கடித்தது தெரிந்த உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பீஸ் லில்லி வேறு குடும்பம், அதைக் கடித்தால் வாய் எரியும், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. செங்காந்தளும் பூனை இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

ரெயின் லில்லிக்கு தினமும் மெட்ரோ தண்ணீர் விட்டாலும் பூப்பதில்லை, ஒரு மழை பெய்தால் மூன்றாம் நாள் தொட்டி நிறையப் பூ. தண்ணீரில் என்ன கோளாறு? (பெரம்பூர் வாசகர்)

தினமும் விடுவதுதான் கோளாறு. காய்ந்து கிடந்த மண் திடீரென்று நனைய வேண்டும், அதற்குத்தான் அது மொட்டு விடும். இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டுவிட்டு, ஒரு நாள் சாயந்திரம் அடித்துளை வழியாக ஒழுகும்வரை ஊற்றுங்கள். வெயில் நேராகப் படுகிற இடமாக இருக்கட்டும். கிழங்குகள் தொட்டியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் பிரிக்க அவசரப்படாதீர்கள், நெருக்கமாக இருந்தால் இன்னும் நன்றாகவே பூக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்து இலை நுனி கருகினால் மட்டும் மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.